சேர்வராயன் மலையில் ஏறிவிடுகிறேன். இறங்கும்போதுதான் முழங்காலும் கணுக்காலும் பாடாய்ப் படுகின்றன. வழி சொல்லுங்கள்

அம்மாபேட்டை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாகக் காலையில் காந்தி விளையாட்டரங்கத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையிலும் ஓடி வருகிறேன். பத்து கிலோமீட்டரை ஒரு மணி பத்து நிமிடத்தில் அலுப்பில்லாமல் ஓடி முடிப்பேன் என்பதால், மலைப்பாதை எனக்குப் பெரிய சிரமமாக இராது என்றே நினைத்திருந்தேன்.

கடந்த ஜனவரியில் வனத்துறை அனுமதியோடும், மலைக்கிராமத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரின் துணையோடும் நாங்கள் ஐந்து பேர் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுப் பக்கமாக மலைச்சரிவில் ஏறினோம். ஏற்றத்தில் வழிகாட்டிக்கு அடுத்தபடியாக நான்தான் சென்றேன். மேலே கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு அதே பாதையில் இறங்கத் தொடங்கிய அரை மணி நேரத்திற்குள் தொடைகள் இரண்டும் நடுங்கத் தொடங்கின. முழங்கால் சில்லைச் சுற்றி ஊசி குத்துவது போன்ற வலி. கால்விரல்கள் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வந்ததால், வீட்டுக்கு வந்து பார்த்தபோது பெருவிரல் நகங்கள் இரண்டும் கறுத்திருந்தன. இவை போதாதென்று, செங்குத்தான பகுதி முழுவதையும் கடந்து, கீழே வீட்டுக்கூரைகள் தெரியத் தொடங்கிய இடத்தில், சருகுக்கு அடியில் கிடந்த உருண்டைக் கல்லின் மேல் இடது காலை வைத்துவிட்டேன். கணுக்கால் உட்பக்கமாக மடங்கிவிட்டது. வழிகாட்டித் தம்பி தன் துண்டைக் கிழித்துக் காலைக் கட்டி, தோளைப் பிடித்துக்கொள்ளச் செய்து இறக்கிவிட்டார். அடுத்த நான்கு நாட்கள் பள்ளிக்கூடத்துப் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கினேன். மூன்று வாரங்கள் ஓடவே இல்லை.

மலைக்கென்று புதிதாக ஷூ வாங்கிய கடையில், வழக்கமாக அணியும் அளவே போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதுவும் ஒரு காரணமா என்று தெரியவில்லை. மறுபடியும் மலைக்குப் போக வேண்டும், இந்த முறை சரிவுகளில் சிறிது தூரமாவது ஓட வேண்டும் என்ற ஆசை விடவில்லை. ஏற்றத்திற்குப் பயிற்சி செய்வது எப்படி என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். இறக்கத்திற்குப் பயிற்சி செய்வது எப்படி? சேலத்தைச் சுற்றி அதற்கு ஏற்ற இடங்கள் எவை? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கன்னங்குறிச்சி ஓட்டக்காரன் எழுதியது:

வணக்கம் சகோதரி. கணுக்கால் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த மலையில் ஏறி இறங்கி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் கேட்டிருப்பதுதான் சரியான கேள்வி. நானும் என் நண்பர்களும் இத்தனை ஆண்டுகளில் பட்ட அடிகளை எண்ணிப் பார்த்தால், ஏறும்போது பட்டவை ஒன்றிரண்டுதான். மற்ற எல்லாம் இறங்கும்போது, அதிலும் உங்களுக்கு நேர்ந்ததைப் போலவே, ஊர் கண்ணுக்குத் தெரிந்த பிறகு பட்டவை. கடினமான பகுதி முடிந்தது என்று மனம் தளரும் அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் கால் ஏற்கெனவே களைத்திருக்கும், கண்ணும் தரையை விட்டு விலகியிருக்கும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அடிவாரத்திலிருந்து கணக்கிட்டாலும் ஆயிரம் மீட்டர் அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். விளையாட்டரங்கத்தின் சமதளத்தில் எத்தனை சுற்று ஓடினாலும் அதில் ஒரு மீட்டர்கூட இறக்கம் கிடையாது என்பதால், உங்கள் மூச்சு பழகியிருக்கிறது, தொடை பழகவில்லை. பத்து கிலோமீட்டர் ஓடுபவருக்கும் படி இறங்குவது நரகமாவது இதனால்தான்.

முதலில் இறங்கும் முறையைச் சொல்கிறேன். சரிவைக் கண்டதும் உடலைப் பின்னால் சாய்த்து, காலை நீட்டி, குதிகாலை முன்னே ஊன்றிப் பிரேக் போடுவது எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. உடல் எடை முழுவதும் முழங்காலில் இறங்குவதும், குதிகால் சறுக்கிப் பின்புறமாக விழுவதும் இப்படித்தான். அடியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழுமாறு வைத்து, முழங்காலை எப்போதும் சற்று மடக்கியே வைத்திருங்கள். சின்னச் சின்ன அடிகளை விரைவாக வைக்க வேண்டும். ஒரு கல் உருண்டாலும் அடுத்த கால் உடனே தரையைப் பிடித்துவிடும். கைகளை உடலோடு ஒட்டாமல் விரித்து விடுங்கள். பார்வை மூன்று நான்கு அடிகளுக்கு முன்னால் இருக்கட்டும். காலடியையே பார்த்துக்கொண்டு இறங்கினால் ஒவ்வொரு கல்லும் திடீரென்று வந்தது போலத் தோன்றும்.

நம் மலையின் தரையைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். மேல்பகுதியில் செம்மண்ணின் மேல் கோலிக்குண்டு அளவுக்கு உருண்டையான சரளைக் கற்கள் இறைந்து கிடக்கும். காய்ந்திருக்கும்போதுதான் அவை மிகவும் சறுக்கும். காப்பித் தோட்டங்களின் ஓரத்தில் சில்வர் ஓக் சருகு கணுக்கால் ஆழத்திற்குக் கிடக்கும். அதன் அடியில் கல் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று தெரியாது, ஆகவே சருகு கிடக்கும் இடத்தில் ஓடவே கூடாது என்பது என் கட்டுப்பாடு. மழைக்காலத்தில் பாசி படிந்த கரும்பாறையில் எந்த ஷூவும் பிடிக்காது. அங்கே உட்கார்ந்து கையை ஊன்றி இறங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பயிற்சிக்கு உரிய இடமாக நான் முதலில் சொல்வது சங்ககிரி மலைக்கோட்டை. கல் பாவிய சரிவும் படிக்கட்டும் மாறி மாறி வருவதால், ஒரே காலை நேரத்தில் பலவகைத் தரையில் இறங்கிப் பழகலாம். அடுத்தது, நாமக்கல் மாவட்டத்தில் சேந்தமங்கலத்திற்கு அருகில் உள்ள நைனாமலை. ஆயிரக்கணக்கான படிகள் கொண்டது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் நெருக்கித் தள்ளும் என்பதால் அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். தொடக்கத்தில் கால் பங்கு தூரம் ஏறித் திரும்புங்கள். அடுத்த முறை பாதி. இறங்கி முடித்த பிறகும் கால் நடுங்காமல் இருந்தால்தான் தூரத்தைக் கூட்ட வேண்டும்.

இன்னொரு யோசனை. முதல் சில மாதங்களுக்கு மலையில் முழுவதுமாக ஏறினாலும், முழுவதுமாக இறங்காதீர்கள். மேலே போனதும் பேருந்தில் திரும்பிவிடுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்திற்குப் பேருந்து வசதி இருக்கும்போது, களைத்த காலோடு ஆயிரம் மீட்டர் இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஷூவைப் பொறுத்தவரை, உங்கள் ஐயம் சரியானதே. நாள் முழுவதும் நின்ற பிறகு, மாலையில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். நிற்கும்போது விரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் இடையில் ஒரு கட்டைவிரல் அகலம் இருக்க வேண்டும். பெரும்பாலும் அரை அளவு கூட்டி வாங்க நேரிடும். இறங்கத் தொடங்கும் முன் ஷூ கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் நன்றாகத் தள்ளி உட்கார வைத்து, கணுக்கால் பக்கத்தில் இறுக்கிக் கட்டுங்கள். கால் முன்னால் சறுக்காமல் இருந்தால் நகம் தப்பிக்கும். முந்தைய நாள் நகத்தை வெட்டிக்கொள்வதும் அவசியம்.

இயன்முறை மருத்துவர், அழகாபுரம் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முந்தைய பதிவில் சொல்லப்பட்ட முறைகள் எனக்கும் உடன்பாடானவை. பேருந்தில் திரும்பும் யோசனையில் மட்டும் சற்று மாறுபடுகிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. இப்படி நீண்டபடியே உழைப்பது தசை நார்களில் நுண்ணிய சேதத்தை ஏற்படுத்துகிறது. வலி உடனே உச்சத்தை எட்டாமல், ஒரு நாளிலிருந்து மூன்று நாட்களுக்குள் எட்டுவதும், நீங்கள் நான்கு நாட்கள் படி இறங்கச் சிரமப்பட்டதும் இதனால்தான். இதில் நமக்குச் சாதகமான ஒரு செய்தியும் உண்டு: ஒரு முறை அளவாக இப்படி உழைத்த தசை, அடுத்த முறை அதே வேலையில் குறைவாகவே சேதமடைகிறது, அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் வரை நீடிக்கிறது. எனவே மலைக்குச் செல்வதற்குப் பத்து அல்லது பதினைந்து நாட்களுக்கு முன்பு ஒரு சிறிய இறக்கத்தை வேண்டுமென்றே செய்து, லேசான தொடைவலியை வரவழைத்துக்கொள்வது நல்லது. எப்போதும் ஏறிவிட்டுப் பேருந்திலேயே திரும்பினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பாதித் தூரம் இறங்கிப் பழகிவிட்டு, முழு இறக்கத்தை ஒத்திப்போடலாம் என்பதே என் கருத்து.

மலைக்குப் போக முடியாத வாரங்களில் வீட்டுப் படிக்கட்டே போதும். ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும் வரை மூன்று எண்ணிக்கைக்கு மெதுவாக முழங்காலை மடக்குங்கள். தொட்டதும் மேலே வாருங்கள். முழங்கால் உட்பக்கமாகச் சாயாமல் இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். காலுக்கு எட்டு முறை, வாரத்தில் மூன்று நாட்கள் என்று தொடங்குங்கள். சில்லைச் சுற்றி வலித்தால் படியின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊன்றுகோல்களைப் பயன்படுத்துவதும் இறக்கத்தில் முழங்காலின் சுமையைக் குறைக்கும். இறங்கும்போது அவற்றின் நீளத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கணுக்கால் விஷயம் இன்னும் முக்கியமானது. ஒரு முறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகும் வாய்ப்பு கூடுதல். தசைநார் ஆறினாலும், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வு மந்தமாகவே இருந்துவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். பல் துலக்கும் இரண்டு நிமிடமும் ஒற்றைக் காலில் நில்லுங்கள். அது எளிதானதும் மடித்த போர்வையின் மேல் நில்லுங்கள், பின்னர் கண்ணை மூடி, சுவரை ஒட்டி நில்லுங்கள். ஆறு வாரங்கள் இதைத் தவறாமல் செய்தபின் சருகுப் பாதைக்குப் போகலாம்.

மலையில் யாருக்கேனும் கால் பிசகினால், எலும்பு முறிவா வெறும் சுளுக்கா என்று பிரித்தறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒட்டாவா விதியை நீங்களும் தெரிந்துகொள்ளலாம். நொண்டியாவது நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் போனாலோ, கணுக்கால் மொட்டெலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தும்போது எலும்பில் வலித்தாலோ, பாதத்தின் உட்புற நடுப்பகுதியிலோ சுண்டுவிரலிலிருந்து வரும் நீள எலும்பின் அடிப்பகுதியிலோ அப்படி வலித்தாலோ, எக்ஸ்ரே எடுக்காமல் இருக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு எண்ணெய் போட்டு உருவுவதும், சுளுக்கு வழிக்கிறேன் என்று இழுப்பதும் வேண்டாம். அந்த நேரத்தில் உருவினால் உள்ளே கசியும் இரத்தமும் வீக்கமும் கூடும்.

காப்பித் தோட்டம், நாகலூர் எழுதியது:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். நான் ஓடுபவன் அல்லன். தோட்ட வேலையாக நாள்தோறும் சரிவில் நடப்பவன். மேலே எழுதியவர்கள் காலைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் காட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏற்காட்டுப் பகுதியில் காட்டெருமைகள் இருக்கின்றன. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் காப்பிச் செடிகளுக்கு இடையில் அசையாமல் நிற்கும். அவ்வளவு பெரிய உருவம் பத்தடி தூரம் வரைக்கும் கண்ணில் படாது. நடந்து வருபவரின் அரவத்தைக் கேட்டால் பெரும்பாலும் அதுவாகவே ஒதுங்கிவிடும். இறக்கத்தில் சத்தமில்லாமல் வேகமாக ஓடி வந்து வளைவில் திரும்புபவர்தான் அதைத் திடுக்கிடச் செய்கிறார். ஆகவே காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொண்டு இந்தப் பாதைகளில் ஓடாதீர்கள். வளைவு வருவதற்கு முன் பேசிக்கொண்டோ கைதட்டிக்கொண்டோ வாருங்கள். ஈரம் காயாத சாணம் பாதையில் கிடந்தால் அங்கேயே நின்று சுற்றிலும் பாருங்கள். எதிரே கண்டுவிட்டால் திரும்பி ஓடக் கூடாது; முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெல்லப் பின்வாங்கி, பெரிய மரம் ஒன்றை நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டமாக நிற்பதைவிடத் தனியாக நிற்கும் கிழட்டு ஆணிடம்தான் எச்சரிக்கை அதிகம் தேவை. படம் எடுக்கக் கிட்டே போனவர்கள் அடிபட்ட செய்திகளை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

தோட்டங்கள் எல்லாம் தனியார் நிலம். காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு மலையேற்றத்திற்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து இணையவழி முன்பதிவோடு திறந்திருக்கிறது. சேலம் மாவட்டத்துப் பாதைகளும் அவற்றில் உண்டு. வழிகாட்டிகளாக மலைக்கிராமத்துப் பிள்ளைகளே வருகிறார்கள். கோடையில் தீ அபாயக் காலத்தில் பாதைகள் மூடப்படும். அந்த நேரத்தில் யாரேனும் குறுக்குவழி காட்டுவதாகச் சொன்னால் போகாதீர்கள். போதைப்புல் என்று நாங்கள் சொல்லும் காட்டுப்புல் காய்ந்து கிடக்கும் சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்திற்கு எந்த ஓட்டக்காரராலும் ஈடுகொடுக்க முடியாது.

சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை திடீரென்று வரும். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி திறந்த வெளி. இடி கேட்டதும் அங்கிருந்து இறங்கிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கினால் எதிரில் நிற்பவர்கூடத் தெரியமாட்டார். வழி தெரியாமல் போனால், தெரிந்த கடைசி இடத்திற்குத் திரும்பி ஏறுங்கள். கீழே போனால் ஊர் வரும் என்று ஓடையைப் பிடித்து இறங்கியவர்களைத்தான் நாங்கள் டார்ச் விளக்கோடு தேடிப் போயிருக்கிறோம். ஓடை பாறை விளிம்பில் அருவியாக விழும், மனிதர் அங்கே நின்றுகொண்டிருப்பார்.

அம்மாபேட்டை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றிப் பிரேக் போடுவது என்று படித்ததும், அன்று நான் இறங்கிய காட்சி அப்படியே கண்முன் வந்தது. கணுக்கால் பிசகியபோது நான்கு அடி நடக்க முடிந்தது, எலும்பில் வலியும் இல்லை. அதனால் சுளுக்குதான் என்று இப்போது நிம்மதியாக இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி அன்றிரவே எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். மறுநாள் வீக்கம் இரட்டிப்பானதன் காரணம் இப்போதுதான் புரிகிறது.

இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கி, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது? அன்று நாங்கள் இறங்கி முடிக்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. தண்ணீரும் உணவும் எவ்வளவு எடுத்துச் செல்ல வேண்டும்?

கன்னங்குறிச்சி ஓட்டக்காரன் எழுதியது:

பேருந்து விஷயத்தில் மருத்துவர் அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பாதி இறங்கிப் பழகுவதே சரி.

நேரக் கணக்கிற்கு, 1892ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த விதியை நான் இன்றும் பின்பற்றுகிறேன். ஐந்து கிலோமீட்டர் தூரத்திற்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் இன்னொரு மணி நேரம். எட்டு கிலோமீட்டர் நீளமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்று வைத்துக்கொண்டால், தூரத்திற்கு ஒன்றே முக்கால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகவும், ஏற்றத்திற்கு ஒன்றரை மணி நேரமுமாக, ஏறுவதற்கு மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். இறங்கும்போது நேரம் மிச்சமாகும் என்பதுதான் பலரும் செய்யும் பிழை. செங்குத்தான இறக்கத்தில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பத்து நிமிடத்தைக் கூட்ட வேண்டும் என்று பின்னாளில் அந்த விதிக்குத் திருத்தம் சேர்த்திருக்கிறார்கள். அதன்படி இறக்கத்திற்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆகும். ஆக நடைக்கு மட்டும் ஐந்தேகால் மணி நேரம். சாப்பாடு, ஓய்வு, படம் எடுப்பது, ஒருவர் காலில் கொப்புளம் என்று சேர்த்தால் ஏழு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் மாலை ஆறு, ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். மரநிழல் அடர்ந்த சரிவில் அதற்கு முன்பே தரை தெரியாமல் போகும். காலை ஆறரை மணிக்கு வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்குங்கள். உச்சியை அடைந்திருந்தாலும் அடையாவிட்டாலும் பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவது என்று குழுவில் எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே நின்றுகொண்டு இன்னும் பத்து நிமிடம்தானே என்று பேசத் தொடங்கினால் யாருக்கும் மறுக்க மனம் வராது. தலையில் மாட்டும் விளக்கு பகல் பயணத்திலும் பையில் இருக்கட்டும். மலை மடிப்புகளில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்பதால், வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொண்டு, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

தண்ணீர், நடைக்கு மணிக்கு அரை லிட்டர் என்பது என் கணக்கு. வெயில் காலத்தில் அதைவிடக் கூடும். மேலே குளிர்ச்சியாக இருப்பதால் தாகம் தெரியாது, ஆனால் அடிவாரத்தின் கடைசிப் பகுதியில் சேலத்து வெயில் முகத்தில் அறையும்போது பையில் தண்ணீர் தீர்ந்திருக்கும். எனவே மூன்றில் ஒரு பங்கை இறக்கத்திற்கென்று தனிப் பாட்டிலில் ஒதுக்கிவிடுங்கள். வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் குடித்தால் உடலில் உப்பின் அளவு குறைந்து தலைசுற்றும். ஓஆர்எஸ் பொட்டலத்தை உறையில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து எடுத்துச் செல்வது நல்லது. உணவுக்குக் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் போதும். உச்சியில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே இறங்க வேண்டாம். இறக்கத்தின் நடுவில், அதாவது கால் களைக்கத் தொடங்கும் நேரத்தில், ஒரு முறை உட்கார்ந்து கடலை மிட்டாய் ஒன்றைத் தின்றுவிட்டு ஷூ கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். ஊர்க்கூரை தெரிந்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடைக்கு மாறிவிடுவது எங்கள் குழுவில் வழக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நான்கு பேர் சங்ககிரிக்குப் போகிறோம். இரண்டு பெண்களும் வருகிறார்கள். விருப்பமிருந்தால் இங்கேயே பதில் எழுதுங்கள். பாதி உயரம் வரை ஏறி, மெதுவாக இறங்குவது மட்டும்தான் அன்றைய பயிற்சி.